ஆறு பேருக்கு ஒன்பது குடம்

பயணம் என்றால் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் எங்காவது போக வேண்டும் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவார். போய்ச் சேர்ந்து, சொந்தக்காரர் வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஒரு சொம்பு வாங்கிக் குடிப்பார். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஒரு முறையாவது மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் வந்த பெண்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

போன முறை அம்மாவும் அப்பாவும் இங்கே அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் நாங்கள் இருக்கும் சாண்ட்லருக்கு வந்திருந்தபோது காரில் செடோனா கூட்டிப் போனோம். இரண்டு மணி நேரப் பயணம்தான். வழியில் நல்ல ஓய்விடம் இருக்கிறது, சுத்தமாக இருக்கும் என்று எவ்வளவோ சொல்லியும் அம்மா கேட்கவில்லை. அரிசோனாவில் வியர்ப்பதே தெரியாது. தோலுக்கு வரும் ஈரத்தைக் காற்று அப்போதே உறிஞ்சிவிடும், உடம்பில் தண்ணீர் குறைவது குறைந்து முடிந்த பிறகுதான் தெரியும். திரும்பும் வழியில் அம்மாவுக்குத் தலை சுற்றிக் கண் இருட்டிவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் குளுகோஸ் ஏற்றி வீட்டுக்கு வர நள்ளிரவு ஆனது. கிராண்ட் கேன்யன் போகும் திட்டத்தை அத்தோடு விட்டோம்.

இந்த முறை அவர்கள் வந்ததும் என் கணவர் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார். "அத்தைக்கு வெளியில் போவதுதானே பிரச்சினை, கழிப்பறையையே கூட எடுத்துக்கொண்டு போவோம்." அக்டோபரில் இங்கே பள்ளிக்கு விடுமுறை வரும். 25 அடி நீள ஆர்.வி. ஒன்றை, அதாவது வீடு போலவே அமைந்த வண்டியை, ஏழு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு கட்டில், நடுவில் மேசையை மடக்கினால் இன்னொரு படுக்கை, இரண்டு அடுப்பு, சின்னக் குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, கழிப்பறை. நாங்கள் இரண்டு பேர், அம்மா அப்பா, பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன். ஆறு பேருக்கு அது சரியாக இருந்தது.

வண்டியை ஒப்படைத்தவர் முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அதை முழுக்க போனில் வீடியோ எடுத்து வைத்தோம். யாராவது முதல் முறை எடுப்பதாக இருந்தால் இதை மட்டும் மறக்காமல் செய்யுங்கள், மூன்றாம் நாள் ராத்திரி ஹீட்டர் பற்றாதபோது அந்த வீடியோதான் துணை. நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்குக் கிரே டேங்க், கழிப்பறைக்குப் பிளாக் டேங்க். நல்ல தண்ணீர் டேங்க் 35 காலன். அப்பா அதை உடனே லிட்டராக்கி, லிட்டரைக் குடமாக்கினார். கிட்டத்தட்ட ஒன்பது குடம்.

"ஆறு பேருக்கு ஒன்பது குடமா?" என்றார் அம்மா. அந்தக் கணக்கு அவருக்குப் புதிதே இல்லை. தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்த காலத்தில் அதே அளவில்தான் எங்களை வளர்த்தார்.

ஃபீனிக்ஸிலிருந்து பேசன் போகும் 87ஆம் எண் சாலையில் முதல் ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் சாகுவாரோ கள்ளிகள். இரண்டாள், மூன்றாள் உயரத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் கை முளைக்கவே ஐம்பது அறுபது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று மகள் சொன்னதிலிருந்து அப்பா ஒவ்வொன்றையும் பார்த்து வயது கணிக்க ஆரம்பித்தார். சாலை ஏற ஏற அவை நின்றுபோய்ப் புதர்கள், அப்புறம் பைன் மரங்கள். பாலைவனம் என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டு ஊட்டி மாதிரி இருக்கிறதே என்றார் அம்மா. மொகொயான் விளிம்பு என்கிற அந்தப் பெரிய மேட்டைத் தாண்டி வடக்கே இறங்கினால் மறுபடி வெட்டவெளி. ஆர்.வி. ஓட்டுவதில் எனக்குப் பயமாக இருந்தது ஏற்றமும் இல்லை, வளைவும் இல்லை. பக்கவாட்டில் அடிக்கும் காற்றுதான். உயரமான பெட்டி ஆயிற்றே, லாரி ஒன்று கடந்து போனாலே தள்ளும். மணிக்கு 60 மைலுக்கு மேல் நாங்கள் போகவே இல்லை. ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து கழிப்பறைக்குப் போகக் கூடாது. அதனால் அம்மா சொன்னால் அகலமான ஓரம் பார்த்து நிறுத்துவோம். யாரையும் கேட்க வேண்டாம், எங்கேயும் தேட வேண்டாம். பேசனைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் முதல் முறை நிறுத்தினோம். திரும்பி வந்து உட்கார்ந்த அம்மா, தானாகவே பாட்டிலைத் திறந்து குடித்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ராத்திரி ஹோல்புரூக்கில். மறுநாள் காலை கழிவை வெளியேற்றும்போதுதான் வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வைத்திருந்த குழாயில் ஓட்டை இருப்பது தெரிந்தது. நல்ல வேளை, கிரே டேங்கைக் கொஞ்சம் திறந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது. கடைக்குப் போய்ப் புதுக் குழாயும் இரண்டு ஜோடிக் கையுறையும் வாங்கி வந்தார் என் கணவர். முதலில் பிளாக், அது முழுக்க இறங்கிய பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால்தான் குழாய் கழுவப்படும். அப்பா பக்கத்தில் நின்று, "மாப்பிள்ளை, இந்தப் பக்கம் தூக்கிப் பிடிங்க, அந்தப் பக்கம் தானா ஓடும்" என்று வயலுக்கு மடை திருப்புகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து அரை மணி தூரத்தில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. அப்பாவிடம் நான் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. தெற்கு வாசல் அருகே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நடைபாதை. இரண்டு வளைவு திரும்பியதும் தரை முழுக்க மரங்கள் கிடந்தன. கல்லாகிப்போன மரங்கள்.

அப்பா நின்றுவிட்டார். "கல்மரம்" என்றார்.

எங்கள் அப்பாவின் ஊர் திருவக்கரைக்குப் பக்கம். வக்ரகாளியம்மன் கோவிலுக்குப் பௌர்ணமிக்குப் போகிறவர்கள் பலரும், கோவிலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு கோடி வருஷப் பழைய மரங்கள் அங்கே மண்ணில் கிடக்கின்றன. 1781-லேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். அப்பா ஆடு மேய்த்த காலத்தில் வேலி எல்லாம் கிடையாதாம். கல்மரத்தின் மேல் உட்கார்ந்துதான் மத்தியானக் கூழ் குடிப்பார்களாம். காலையில் சில்லென்று இருக்கும், பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது, சுடும் என்றார்.

இங்கே கிடப்பவை 22 கோடி வருஷம் பழையவை. ஆற்று வண்டலில் எரிமலைச் சாம்பலோடு புதைந்து, சாம்பலில் இருந்த சிலிக்கா தண்ணீரில் கரைந்து மரத்துக்குள் ஊறி, மரம் போய்ப் படிகக்கல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. திருவக்கரையில் பெரும்பாலும் மண் நிறம், சாம்பல் நிறம்தான் பார்த்திருக்கிறேன். இங்கே இரும்பும் மாங்கனீசும் சேர்ந்ததால் சிவப்பு, மஞ்சள், ஊதா, கறுப்பு. யாரோ ரம்பத்தால் அறுத்து அடுக்கியது போல வட்ட வட்டமாகத் துண்டுகள். "யாரு தாத்தா அறுத்தாங்க?" என்றான் மகன். அப்பா குனிந்து, ஒரு துண்டின் விளிம்பைத் தடவிக் காட்டினார். கண்ணாடிச் சில் போலக் கூராக, பளபளவென்று இருந்தது. மரமாக இருந்தால் சிம்பு சிம்பாகப் பிளக்கும், இது கல் ஆனதால் சட்டென்று குறுக்கே முறியும் என்றார். பிறகு ஒரு பெரிய அடிமரத்தின் நடுவில் விரலை வைத்து, வைரம் எங்கே, பட்டை எங்கே என்று பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பூங்கா ஊழியர் ஒருவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். எங்கள் ஊரிலும் இருக்கிறது, அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

இந்தப் பூங்காவில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்துப் போய்விட்டு மனசு கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். திரும்பி வந்த கற்களை எடுத்த இடத்தில் வைக்க முடியாது, எந்த இடம் என்று யாருக்கும் தெரியாதே. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்திருக்கிறார்கள். அம்மா மகனின் கால்சட்டைப் பையைத் தானாகவே ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம், நவாஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நாட்டுக்குள் நுழைந்தோம். நாடு என்று சும்மா சொல்லவில்லை. அவர்களுக்கென்று அரசு, காவல்துறை, நீதிமன்றம் எல்லாம் உண்டு. பரப்பளவு தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். நேரம்கூட வேறு. அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ மாற்றுகிறது, அதன் நடுவில் தீவு போல இருக்கும் ஹோபி மக்களின் நிலத்தில் மறுபடி மாற்றுவதில்லை. போன்கள் எல்லாம் குழம்பிப்போய் ஆளுக்கு ஒரு மணி காட்டின. அப்பாவின் கைக்கடிகாரம் எப்போதும் இந்திய நேரத்தில்தான் ஓடும். அவர் சொன்ன வழிதான் கடைசி வரை உதவியது: அவர் கடிகாரத்தில் அரை மணி கழித்தால் அரிசோனா, அரை மணி கூட்டினால் நவாஹோ. இரவா பகலா என்று வானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சின்லியில், கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் முகாமில் தங்கினோம். தண்ணீர் இணைப்போ கரண்டோ கிடையாது. ஹோல்புரூக்கில் குழாய்க் களேபரத்தில் டேங்கை நிரப்ப மறந்திருந்தோம். அது தெரியாமல் மகள் தலைக்குக் குளித்தாள். ராத்திரி எட்டு மணிக்குப் பம்பு தடதடவென்று காற்றை இழுக்க ஆரம்பித்தது.

நான் பதறினேன், அம்மா பதறவில்லை. குடிக்க வாங்கி வைத்திருந்த பெரிய கேன்கள் இரண்டு இருந்தன. அதில் ஒன்றை ஒதுக்கி, எல்லோரையும் உட்கார வைத்துக் கணக்குச் சொன்னார். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகுதான் கழுவ வேண்டும். அரிசி களைந்த தண்ணீரில் தட்டு. தட்டு அலசியது கழிப்பறைக்கு. காலையில் முகம் கழுவ ஆளுக்கு ஒரு டம்ளர். ஒரு டம்ளரில் பல் துலக்கி, முகம் கழுவி, மிச்சம் வைப்பது எப்படி என்று பேத்திக்குச் செய்து காட்டினார். உள்ளங்கையைக் குழித்து, இடது கையில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு கீழே விடாமல் முகத்தில் ஒற்றினார். மகள் மூன்று முறை முயன்று கற்றுக்கொண்டாள்.

மறுநாள் காலை பெட்ரோல் போட நிறுத்தியபோது பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி. பின்னால் பெரிய பிளாஸ்டிக் டேங்க், அதில் தண்ணீர் நிரப்பிக் கட்டியிருந்தார்கள். வழி நெடுக அப்படி நிறைய வண்டிகள் பார்த்தோம். நவாஹோ நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இன்னும் குழாய்த் தண்ணீர் இல்லை, மைல் கணக்கில் போய்ப் பிடித்து வர வேண்டும். இத்தனைக்கும் அவர்கள் நிலத்தின் மேற்கு எல்லையில் கொலராடோ ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீரைக் கிடைக்கச் செய்ய அமெரிக்க அரசு முன்வந்து எதுவும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆற்றிலிருந்து 336 மைல் கால்வாய் வெட்டி, மேட்டில் ஏற்றி, ஃபீனிக்ஸ் பக்கம் கொண்டு வந்திருக்கிறார்கள். சாண்ட்லரில் என் வீட்டுக் குழாயில் வருவதிலும் அதில் ஒரு பங்கு உண்டு. பல வருஷமாகக் குடிக்கிறேன், இதை நான் யோசித்ததே இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

கேன்யன் டி ஷேயில் மேலிருந்து பார்த்தால் அடியில் சோளக்கொல்லையும் வீடும் தெரியும். இப்போதும் நவாஹோ குடும்பங்கள் அங்கே பயிர் செய்கிறார்கள். 1864-ல் அமெரிக்கப் படை வந்து அவர்களுடைய பீச் மரங்களை எல்லாம் வெட்டிப்போட்டு, ஆட்களை முந்நூறு மைலுக்கு மேல் நடக்க வைத்துக் கொண்டுபோனது. நான்கு வருஷம் கழித்து ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தார்கள். காய்க்கிற மரத்தை வெட்டினானா என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். சின்லியிலேயே ஒரு தள்ளுவண்டி மாதிரிக் கடையில் ஆட்டுக்கறிக் குழம்பும், பூரி போல உப்பிய பொரித்த ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகுதான் கொஞ்சம் பேச்சு வந்தது.

செம்பாறைக் குன்றுகள் தனித்தனியாக நிற்கும் மானுமென்ட் வேலியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், படத்தில் பார்ப்பது போலவேதான் இருக்கிறது, அதைவிடப் பெரிதாக. உள்ளே போகும் 17 மைல் மண் சாலையில் ஆர்.வி. விட மாட்டார்கள். நவாஹோ வழிகாட்டியின் திறந்த வண்டியில் போனோம், வாய் முழுக்கச் செம்மண். அன்று தண்ணீர் இணைப்புள்ள முகாம். எல்லோரும் குளித்தோம், இரண்டு நிமிஷத்தில்.

பேஜ் ஊரில் ஆன்டிலோப் கேன்யன். இரண்டு இருக்கிறது. கீழ்ப் பள்ளத்தாக்கில் செங்குத்தான ஏணிகள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. மேல் பள்ளத்தாக்கில் உள்ளே தரையோடு தரையாக நடந்து போகலாம், அம்மா அப்பாவுக்கு அதைத்தான் பதிவு செய்திருந்தோம். உள்ளே நுழைந்தால் பட்டுச் சேலையை மடித்து நிறுத்தியது போலப் பாறை. மேலே ஒரு கோடு மட்டும் வானம். எல்லாம் வெள்ளம் அறுத்தது. நவாஹோ மொழியில் இதன் பெயரே, தண்ணீர் பாறை ஊடே ஓடும் இடம் என்றுதான் பொருள்படும். 1997 ஆகஸ்டில் எங்கோ மைல் கணக்கில் தள்ளிப் பெய்த மழை, இங்கே ஒரு துளியும் விழாதபோதே, சுவராக வந்து கீழ்ப் பள்ளத்தாக்கில் 11 பேரை அடித்துப் போனது. வழிகாட்டி இதைச் சொன்னபோது அம்மா சுவரில் கை வைத்திருந்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதாரணப் பாத்திரத்தில் சோறு வேக வெகு நேரம் பிடிக்கும். குக்கர் கொண்டுபோங்கள். ராத்திரி உறைபனிக் குளிர், வெளியே மான் வகை ஏதோ நடமாடும் சத்தம், உள்ளே குக்கர் விசில். சுடுசோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு, ஆறு பேரும் கம்பளிக்குள் சுருண்டுகொண்டோம்.

மறுநாள் காலை யாவபாய் அருங்காட்சியகத்திலிருந்து விளிம்போரமாக அப்பாவோடு நடந்தேன். அந்தப் பாதைக்குக் காலப் பாதை என்று பெயர். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் பின்னால் போனதாகக் கணக்கு. மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி தரையில் பதித்திருக்கிறது. கலியுகம் மொத்தமும் 4,32,000 வருஷம் என்று அப்பாவுக்கு மனப்பாடம். முதல் குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவில் கைத்தடியை வைத்து, "இதோ, இதுல பாதிகூட இல்ல" என்றார். இருபதாவது குறியில் நின்றார். "நம்ம ஊர்க் கல்மரம்." அப்புறம் மெதுவாக, பெஞ்சு வந்தால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இருநூற்று இருபது வரை எண்ணிக்கொண்டே வந்து, "ஹோல்புரூக்" என்றார். 270 பக்கம் கிராண்ட் கேன்யனின் மேல் அடுக்கே ஆரம்பிக்கிறது. நாம் நிற்கும் விளிம்பின் பாறை அது. அதாவது, இந்தப் பள்ளத்தாக்கின் சுவர்களில் கல்மரக் காலத்துப் பாறையே இல்லை, இருந்தது எல்லாம் கரைந்து போயிற்று.

போதும் திரும்பலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஆங்காங்கே அந்தந்தக் காலத்துப் பாறையை எடுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். ஆயிரத்து எழுநூறு தாண்டி விஷ்ணு ஷிஸ்ட் இருக்கிறது என்று பேரன் சொல்லிவிட்டான். பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றோரம் தெரியும் கறுப்புப் பாறைக்கு அந்தப் பெயர். 1880களில் டட்டன் என்ற புவியியலாளர் இங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு கோவில், சிவன் கோவில் என்றெல்லாம் பெயர் வைத்தார், விஷ்ணு பெயர் அந்த அடிப்பாறைக்கும் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எழுபத்து நான்கு வயதில், கைத்தடியோடு, ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அந்தக் கறுப்புக் கல்லில் உள்ளங்கையை வைத்து, "நூற்று எழுபத்தைந்து கோடி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் படம் எடுக்கவில்லை.

மொத்தம் 950 மைல், 110 காலன் பெட்ரோல். காரும் விடுதியுமாகப் போயிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் அம்மா வந்திருக்க மாட்டார். வந்திருந்தாலும் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு தயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் நல்ல தண்ணீர் டேங்கைக் காலி செய்ய வேண்டும். அடியில் ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது, திறந்தால் தரையில் ஓடிவிடும். வீட்டு வாசலில் நிறுத்தி என் கணவர் திறக்கப் போனபோது அம்மா, "இருங்க மாப்பிள்ளை" என்று உள்ளே போய் வாளிகளோடு வந்தார். நாலரை வாளி வந்தது. மூன்று வாளியைப் பின்புறம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார், ஒன்றரை வாளியில் மகளும் மகனும் வாசலைக் கழுவினார்கள்.